புதுச்சேரி பற்றி எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். வெளியூரிலிருந்து வரும் நண்பர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் தெருத்தெருவாக அழைத்துப் போய்க் காட்டுவது பல வருடப் பழக்கம். கடற்கரையில் ஆரம்பித்துப் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடப்பதற்குள் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். அவற்றையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பாண்டிச்சேரியா, புதுச்சேரியா? எது சரியான பேரு?

இரண்டும் ஒரே பெயர்தான். புதுச்சேரி, அதாவது புதிய குடியிருப்பு என்பதுதான் மூலம். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'பொந்திஷேரி' ஆனது, ஆங்கிலத்தின் வழியாகப் 'பாண்டிச்சேரி' என்று நமக்கே திரும்பி வந்தது. 2006 அக்டோபர் 1 முதல் சட்டப்படி 'புதுச்சேரி'. பேச்சில் 'பாண்டி' என்றுதான் சொல்கிறோம், எழுத்தில் 'புதுவை' என்பதும் உண்டு. எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பாண்டி தமிழ்நாட்டுலதானே இருக்கு?

இல்லை. தமிழ்நாட்டால் சூழப்பட்டிருக்கிறது, தமிழ்நாட்டில் இல்லை. தனிச் சட்டமன்றம், தனி முதலமைச்சர் கொண்ட ஒன்றியப் பிரதேசம் இது. உயர்நீதிமன்றம் மட்டும் சென்னையில்தான்.

இன்னொரு விஷயம், புதுச்சேரி என்பது ஒரே ஊர் இல்லை. நான்கு பகுதிகள் உண்டு. நகரம் இருக்கும் புதுச்சேரிப் பகுதியில் 2011 கணக்குப்படி சுமார் 9.5 லட்சம் பேர். தெற்கே நாகப்பட்டினம் பக்கம் காரைக்காலில் 2 லட்சம் பேர். கேரளத்தில் தலச்சேரிக்கும் வடகரைக்கும் நடுவில் மாஹே, வெறும் 9 சதுர கிலோமீட்டர், சுமார் 42,000 பேர். ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் கோதாவரிக் கரையில் ஏனாம், சுமார் 56,000 பேர். சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் 30 இடங்களில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கும் ஏனாமுக்கும் தலா 1. ஏனாமிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு வர வேண்டுமென்றால் 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

கேரளா, ஆந்திரா, தமிழ்நாடு... இவ்வளவு தள்ளி இருக்கிறதெல்லாம் எப்படி ஒரே ஆட்சி ஆச்சு?

பிரெஞ்சுக் கம்பெனி வியாபாரத்துக்கு இடம் தேடிய வழியில் ஆனது. துணி வேண்டுமானால் சோழமண்டலக் கரை, மிளகு வேண்டுமானால் மலபார். அதனால் 1721-இல் வடகரையை ஆண்ட வாழுன்னவரோடு ஒப்பந்தம் செய்து மய்யழிக்குப் போனார்கள், அதுதான் மாஹே. ஏனாமில் 1720-களில் கால் வைத்தார்கள். காரைக்கால் 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து கிடைத்தது. வங்காளத்தில் சந்திரநாகூரும் இவர்களிடம் இருந்தது. அது 1949-இல் மக்கள் வாக்கெடுப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, பின்னால் மேற்கு வங்கத்தோடு போய்விட்டது.

புதுச்சேரிப் பகுதியே துண்டு துண்டாகக் கிடப்பதற்கும் இதுதான் பதில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் 1749 வாக்கில் கர்நாடக நவாப் பதவிச் சண்டையில் உதவியதற்காகப் பிரெஞ்சுக்காரருக்குத் தரப்பட்டவை. பிறகு ஒவ்வொரு போரிலும் ஆங்கிலேயர் பிடிப்பதும் உடன்படிக்கையில் திருப்பித் தருவதுமாக இருந்ததில், எந்தக் கிராமம் யார் கையில் நின்றதோ அதுவே எல்லை ஆகிவிட்டது. ஊரில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி இது வெறும் மீனவக் கிராமம்தானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் சுற்றுலாப் பலகைகளே இப்படித்தான் சொல்லிக் கொடுக்கின்றன. நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலியப் பானை ஓடுகளும் கிடைத்தன. மணி செய்யும் தொழில் அங்கே நடந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' என்ற துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பாகூரில் கிடைத்த செப்பேடு, 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் அங்கே ஒரு கல்விநிலையத்துக்குக் கிராமங்கள் மானியமாக விடப்பட்டதைச் சொல்கிறது. திருபுவனையிலும் சோழர் காலக் கல்லூரி பற்றிய கல்வெட்டு உண்டு. காரைக்கால் அம்மையாரின் ஊர் காரைக்கால். திருநள்ளாறு தேவாரம் பாடப்பட்ட தலம். பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் இங்கே குடியேறியபோது, பிஜப்பூர் சுல்தானின் அதிகாரி ஷேர்கான் லோடி கொடுத்த அனுமதியில்தான் குடியேறினார். காலி இடத்தில் யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள்.

அந்த நேர் நேரான தெருவெல்லாம் பிரெஞ்சுக்காரங்க போட்டதுதானே?

முழுக்க இல்லை. 1693-இல் டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமான தெரு அமைப்புக்கு அவர்கள் 1694-இல் வரைந்த திட்டம் இன்றும் இருக்கிறது. 1699-இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அதை ஒட்டியே வளர்த்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் முற்றுகையில் நகரம் விழுந்தது. அப்புறம் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு கட்டியவை.

வாய்க்காலுக்குக் கிழக்கே 'வெள்ளை நகரம்', மேற்கே 'கறுப்பு நகரம்' என்று பிரித்தவர்கள் ஆட்சியாளர்கள். மேற்குப் பக்கத்தைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தெருவை ஒட்டிய தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம் என்று தமிழ் வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் அந்தப் பக்கம்தான். கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, 1736 முதல் 1761-இல் இறக்கும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்த நாள், சரக்கு விலை, சாதிச் சண்டை, அரண்மனை வதந்தி என்று எல்லாம் அதில் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தென்னிந்தியாவை ஒரு தமிழர் கண்ணால் இவ்வளவு விரிவாகப் பார்க்க வேறு வழி இல்லை.

இங்கிலீஷ்காரனை விட பிரெஞ்சுக்காரன் நல்லவன்னு சொல்றாங்களே, உண்மையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எங்கள் ஊர்ப் பெரியவர்களே பலர் இப்படிச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓட்டு என்பது சொத்துள்ள சிலருக்கு மட்டும் என்று இருந்த காலத்திலேயே, இங்கே ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து உறுப்பினர் போனார். 1880-இல் பத்து நகராட்சிகள் ஏற்பட்டன. அவற்றுக்குப் பிரெஞ்சில் 'கொம்யூன்' என்று பெயர். கிராமப்புறத்தில் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று சொல்வது அந்தக் காலத்துச் சொல்தான்.

ஆனால் அந்த ஓட்டு நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியருக்குத் தனி வாக்காளர் பட்டியல், உள்ளூர்க்காரருக்குத் தனிப் பட்டியல். சில நூறு ஐரோப்பியரின் ஓட்டும் பல்லாயிரக்கணக்கான தமிழரின் ஓட்டும் ஏறக்குறைய ஒரே எடை. தேர்தல் நாளில் அடியாட்கள் பெட்டியைக் கைப்பற்றுவது இங்கே பழைய கதை.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து மொரீசியசுக்கும் ரெயூனியோன் தீவுக்கும் மனிதர்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தால் அந்த நாளின் வேதனை இன்றும் தெரியும். 1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றினார்கள். குவாதலூப் தீவுக்கு முதல் கப்பல் 1854 டிசம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தது. இன்று குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் ரெயூனியோனிலும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, வீராசாமி, மூத்துசாமி என்ற குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. தமிழ் பேசுவோர்தான் அநேகமாக இல்லை.

ஆகவே என் பதில்: நல்லவன், கெட்டவன் என்று எஜமானர்களை ஒப்பிடாதீர்கள். இங்கே கிடைத்த உரிமைகளில் பெரும்பகுதி, உள்ளூர்க்காரர்கள் பிரெஞ்சுச் சட்டத்தை அவர்கள் முகத்துக்கு எதிரே பிடித்துக் கேட்டு வாங்கியவை. அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றித்தான்.

தமிழர்களுக்கு ஏன் பிரெஞ்சுப் பேரு இருக்கு? மதம் மாறினவங்களா?

அவசியம் இல்லை. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி பாரிசில் உள்ள மேல்நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881-இல் ஒரு ஆணை வந்தது: சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தை ஏற்பவர்கள் பிரெஞ்சுக்காரருக்குச் சமம். அப்படித் துறந்தவர்களைப் பிரெஞ்சில் 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி 'லப்போர்த்' என்று வைத்துக்கொண்டார். 'கதவு' என்று பொருள். அவர் பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது.

சாதியின் பிடியிலிருந்து வெளியேற இது ஒரு சட்டபூர்வமான வழி என்று ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் கணிசமாக இதை எடுத்தார்கள். சாதி இந்துக்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியார் இதைக் கடுமையாக எதிர்த்தார், பல ஆண்டுகள் அரசியலை அவரே கையில் வைத்திருந்தார். அந்தச் சட்டப் பிரிவு இன்னும் சாகவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் போன்றவை புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்குப் பிரெஞ்சு குடிமையியல் சட்டம்தான். பழைய சொத்துப் பத்திரங்களில் 'நொத்தேர்' என்ற சொல்லைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், பத்திரம் எழுதிப் பதிவுசெய்யும் பிரெஞ்சு முறை அதிகாரி அவர்.

ஜூலை 30-ன்னா என்ன?

1936 ஜூலை 30, சவானா மில் என்ற பஞ்சாலை. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. பிரான்சில் அப்போது இடதுசாரிக் கூட்டணி ஆட்சி. செய்தி பாரிசை எட்டியதும் அங்கேயே எதிர்ப்பு எழுந்தது. 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிலாளரைத் திரட்டியதில் முன்னின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா.

மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுக்க வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இந்தத் தேதி தெரிவதில்லை. என்னைப் பொறுத்தவரை புதுச்சேரி வரலாற்றில் ஒரே ஒரு தேதியை மனதில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

பாரதியார் ஏன் இங்கே வந்தார்?

சென்னையில் 'இந்தியா' பத்திரிகைமீது வழக்குப் பாய்ந்ததால் 1908-இல் வந்தார், பத்தாண்டு இருந்தார். எல்லை தாண்டி பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்ய முடியாது. 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் 'பிரெஞ்சு அரசு அடைக்கலம் தந்தது' என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. பிரிட்டிஷார் தொடர்ந்து நெருக்கினார்கள். ஒற்றர்கள் தெருவிலேயே குடியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்க் கனவான்கள் ஐவரின் கையெழுத்தோடு பதிவுசெய்ய வேண்டும் என்று விதி வந்தபோது, அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தந்தவர் கலவை சங்கரஞ் செட்டியார். அரவிந்தரை முதலில் வீட்டில் தங்கவைத்தவரும் அவரே. வீடு கொடுத்தது, சோறு போட்டது, அச்சகம் நடத்த உதவியது எல்லாம் ஊர்க்காரர்கள். 1918 நவம்பரில் பாரதி எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார்.

பாண்டிக்கு எப்போ சுதந்திரம்? ஆகஸ்ட் 15-ஆ, ஆகஸ்ட் 16-ஆ, நவம்பர் 1-ஆ?

மூன்று தேதிக்கும் மூன்று அர்த்தம். 1947 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதுதான் விடுதலை நாள். 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் இழுத்தது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது எந்த நிலத்தையும் விட்டுக்கொடுப்பது அங்கே பெரிய அரசியல் பிரச்சினை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்ற அதே மாதம் ஒப்புதல் வந்தது, ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி மாற்றம் முடிந்தது.

நடுவில் நடந்ததுதான் உணர்ச்சிகரமான பகுதி. 1954 மார்ச்சில் கொம்யூன்கள் ஒவ்வொன்றாக இணைப்புத் தீர்மானம் போட்டன. அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் பக்கம் மாறினார். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கம் விடுபட்டது. ஜூனில் ஏனாமில் ததாலா ராஃபேல் ரமணய்யா தலைமையில் எழுச்சி. ஜூலையில் ஐ.கே. குமாரன் தலைமையில் மாஹே. மே மாதம்தான் வியட்நாமின் தியன்பியன்புவில் பிரெஞ்சுப் படை தோற்றிருந்தது, அதன் பிறகு பாரிசுக்கு இங்கே சண்டை போடத் தெம்பு இல்லை.

கீழூரில் 178 பேர் மட்டும் ஓட்டுப் போட்டாங்களாமே? ஜனங்களைக் கேட்காமல் இணைச்சது நியாயமா?

நேர்மையான கேள்வி, நழுவாமல் பதில் சொல்ல வேண்டும். மக்களின் சம்மதம் இல்லாமல் நிலத்தைக் கொடுக்கக் கூடாது என்று பிரான்சின் 1946 அரசியலமைப்பே சொல்கிறது. 1948-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்துவதாக ஒப்புக்கொண்டார்கள், நடக்கவில்லை. கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நகராட்சி உறுப்பினர்களும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு.

எல்லா மக்களும் வாக்களித்த சந்திரநாகூரைப் போல இங்கேயும் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. முடிவு மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சில ஆண்டுகளாகச் சுற்றிலும் சுங்கச் சாவடி, பர்மிட் என்று வாழ்க்கை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தெருவில் இருந்த மனநிலை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 8 பேரையும், பிரான்சோடு இருக்க விரும்பிய குடும்பங்களையும் துரோகிகள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஓய்வூதியம், சட்ட உரிமை, மேலே சொன்ன சாதி விடுதலை என்று அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. கீழூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், கூட்டமே இருக்காது.

எங்க தாத்தா பாண்டியில் பிறந்தவர். எனக்கு பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

பிறந்த இடம் மட்டும் போதாது. ஒப்பந்தப்படி 1962 ஆகஸ்ட் 16 அன்று இங்கேயோ இந்தியாவின் மற்ற பகுதியிலோ குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து அந்த நாளில் பிரான்ஸ், சைகோன் என்று வெளியே வாழ்ந்தவர்கள் தானாகவே பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையிலும் காவல்துறையிலும் இருந்த நிறையப் பேர் இந்த வகை. ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள், பட்டாளக்காரர் என்று பொருள்.

ஆகவே தாத்தா அன்று எங்கே இருந்தார், எழுதிக் கொடுத்தாரா, உங்கள் பெற்றோர் அப்போது சிறு வயதா என்பதுதான் கேள்வி. இன்னொரு தடையும் உண்டு. ஐம்பது ஆண்டுக்கு மேல் குடும்பம் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்து, நீங்களும் உங்கள் பெற்றோரும் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்படாமலும் இருந்தால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க பிரெஞ்சுச் சட்டம் இடம் தராது. 'பழைய காகிதம் வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கும் தரகர்களிடம் போய் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து போகாதீர்கள்.

இங்கே இன்னும் பிரெஞ்சு ஆட்சி மொழியா?

மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று 1956 ஒப்பந்தத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. 1965 சட்டம் தமிழை ஆட்சிமொழி ஆக்கியது, மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, கூடவே ஆங்கிலம். நடைமுறையில் பிரெஞ்சு பழைய பத்திரங்களிலும் சில பள்ளிகளிலும் தெருப் பலகைகளிலும்தான் இருக்கிறது. போலீசாரின் சிவப்புக் கெப்பித் தொப்பியும் அந்தக் காலத்து மிச்சம்.

ஆரோவில் பாண்டியில்தானே இருக்கு?

பல நாட்டவர் சேர்ந்து வாழும் அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தமிழ்நாட்டோடு சேர்த்துட்டா எல்லாம் சுலபமாகிடுமே?

புதுச்சேரியில் இதை உரக்கக் கேட்காதீர்கள். 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியதும் ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இதை வெளிப்படையாகத் தொட்டதில்லை.

நாங்கள் தமிழர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. பாரதிதாசன் பிறந்த மண் இது. ஆனால் மொழி ஒன்று என்பதால் நிர்வாகமும் ஒன்றாக வேண்டியதில்லை. புதுச்சேரியைத் தமிழ்நாட்டில் சேர்த்தால் மாஹே கேரளத்துக்கும் ஏனாம் ஆந்திரத்துக்கும் போகும், நான்கு பகுதியும் சேர்ந்து கட்டிய அரசியல் உறவு அத்தோடு முடிந்துவிடும். சட்டத்திலும் ஒரு பிடி உண்டு. அரசியலமைப்பு நிலையில் எந்த மாற்றமும் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்று 1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. கீழூரில் மக்களை நேரடியாகக் கேட்காமல் விட்ட குறையை மேலே சொன்னேன். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்பதுதான் இங்கே பலரின் எண்ணம்.

முதல்வர்னு ஒருத்தர் இருக்கும்போது துணைநிலை ஆளுநர் ஏன் எல்லாத்திலும் தலையிடுறார்?

1963-ஆம் ஆண்டு ஒன்றியப் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் அமைப்பு அப்படி. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும், அதாவது டெல்லிக்கு. இருவரும் ஒத்துப்போனால் எதுவும் தெரியாது. ஒத்துப்போகாதபோது, 2016 முதல் 2021 வரை முதல்வர் நாராயணசாமி அரசுக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்தது போல, கோப்புகள் நகராது. அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார், 2020-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

இதைவிட எனக்குக் கவலை தருவது நியமன உறுப்பினர்கள். 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மேலும் 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். இங்குள்ள அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கு முழு வாக்குரிமை உண்டு என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 30 பேர் அவையில் 3 ஓட்டு என்பது ஆட்சியை நிறுத்தவும் கவிழ்க்கவும் போதும். 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் ராஜினாமா செய்து அரசு கவிழ்ந்தபோது இந்தக் கணக்கின் எடை எல்லோருக்கும் புரிந்தது. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் வைத்து உள்ளூர் ஓட்டின் எடையைக் குறைத்ததை மேலே படித்தீர்கள். இதையும் அதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன்.

அப்போ மாநில அந்தஸ்து வாங்கிட வேண்டியதுதானே?

சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. எல்லாக் கட்சியும் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கின்றன. மாநிலம் ஆனால் நியமன உறுப்பினர் பிரச்சினை தீரும், நிதிக்குழுவின் வரிப் பங்கீட்டிலும் இடம் கிடைக்கும், இப்போது அது இல்லை. மறுபக்கம், ஒன்றியப் பிரதேசமாக இருப்பதால் மத்திய மானியம் வருகிறது, 12 லட்சம் மக்கள் மட்டும் கொண்ட ஊர் தன் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தானே தாங்குமா என்ற கேள்வி இருக்கிறது. கிடைக்க வேண்டும் என்பது என் நிலை. ஆனால் பணக் கணக்கைப் பேசாமல் முழக்கம் மட்டும் போடுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரக்கு ஏன் இங்கே விலை கம்மி?

கலால் வரியைப் புதுச்சேரி அரசே தீர்மானிக்கிறது, தமிழ்நாட்டை விடக் குறைவாக வைத்திருக்கிறது. மாஹேயிலும் அதே காரணம்தான். அந்த வருமானத்துக்கு இங்குள்ள குடும்பங்கள் கொடுக்கும் விலையையும் நான் பார்த்திருக்கிறேன்.

துய்ப்ளெக்ஸ் சிலை, பிரெஞ்சுத் தெருப் பேரு இதெல்லாம் இன்னும் எதுக்கு? எடுத்துட வேண்டாமா?

இளைஞர்கள் கேட்கிறார்கள், நியாயமான கோபம். கோயில் இடிப்பைப் பற்றி மேலே எழுதியவன் நான், துய்ப்ளெக்சுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எடுத்துவிட்டால் கதையும் கூடவே போய்விடும். சிலைக்குக் கீழே 1748-இல் என்ன நடந்தது என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள் என்று கேட்பேன். 1936-இல் இறந்த 12 பேரின் பெயர்களைச் சுற்றுலா வரைபடத்தில் போடுங்கள் என்று கேட்பேன். லப்போர்த் வீதியில் அந்தச் சப்பாத்துக் கதையை எழுதி வையுங்கள் என்று கேட்பேன். வீராம்பட்டினத்தில் ஆடித் தேரை வடம்பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சு கவர்னரின் வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் அதைச் செய்கிறார். மீனவ மக்கள் அந்த வழக்கத்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைக் கவனியுங்கள். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்து வந்தவை. சாலையின் பெயர் குபேர் சாலை, பக்கம் மாறிய, பின்னால் முதல் முதலமைச்சர் ஆன அதே குபேர். தெற்கே நடந்தால் துய்ப்ளெக்ஸ் நிற்கிறார். நான் ஆட்களை அழைத்துப் போகும்போது அந்தத் தூண்களில்தான் ஆரம்பிப்பேன்.